முத்தத்துக்குப் பிறகு

காதல் நகைச்சுவைப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. முதல் பாகத்தின் கடைசிக் காட்சியில் சேர்ந்துவிட்ட இருவரை என்ன செய்வது? சண்டை போட்டுக்கொண்டிருந்த வரைக்கும்தான் அவர்கள் சுவாரசியம். பிரித்தால் ரசிகன் கோபித்துக்கொள்வான், சேர்ந்தே வைத்திருந்தால் தூங்கிவிடுவான். ஆகவே பலரும் சுலபமான வழிக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவது.

2006இல் வந்த 'தி கட்டிங் எட்ஜ்: கோயிங் ஃபார் த கோல்ட்' அதைத்தான் செய்தது. முதல் படமான 'தி கட்டிங் எட்ஜ்' 1992இல் வந்தது. பணக்கார வீட்டு ஸ்கேட்டிங் வீராங்கனை கேட் மோஸ்லி. ஒரு ஆட்டக்காரனோடும் அவளுக்கு ஒத்துப்போகாது. டக் டோர்சி ஐஸ் ஹாக்கி வீரன். 1988 கல்கரி ஒலிம்பிக்கில் பட்ட அடியால் ஓரப்பார்வை போய், ஹாக்கியை விட்டவன். இருவரையும் ஒரு ரஷ்யப் பயிற்சியாளர் ஜோடி சேர்க்கிறார். முட்டல், மோதல், கிண்டல், கடைசியில் 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக், பனித்தளத்தில் முத்தம். இரண்டாம் பாகத்தின் நாயகி ஜாக்கி, இந்த இருவரின் மகள். அவளுக்கும் பொருந்தாத ஓர் ஆண் வேண்டுமே? உருளைச் சக்கரக் காலணியில் சாகசம் செய்கிற அலெக்ஸ் வருகிறான். அப்புறம் அதே முட்டல், அதே மோதல்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். பெற்றோர் முத்தமிட்டது 1992 பிப்ரவரியில். படம் வந்தது 2006இல். மகளுக்கு அதிகம் போனால் பதின்மூன்று வயது இருக்கலாம். ஜாக்கியாக நடித்த கிறிஸ்டி கார்ல்சன் ரொமானோ 1984இல் பிறந்தவர். அப்பா அம்மாவின் காதலுக்கு முன்னாலேயே மகள் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும்! நம்மூர் மெகா தொடர்களில் ஆறு மாதக் குழந்தை அடுத்த வாரமே கல்லூரிக்குப் போவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லைதான்.

படத்தைக் குறை சொல்ல வரவில்லை. எனக்கு முதல் பாகம் பிடிக்கும். அதை எழுதிய டோனி கில்ராய் பின்னாளில் 'போர்ன்' வரிசைப் படங்களுக்கும் எழுதியவர், வசனம் தெரிந்த ஆள். ஆனால் மகளை இழுத்துவந்து அதே கதையை மறுபடி சொன்னபோது, சொல்லியிருக்க வேண்டிய ஒன்று விட்டுப்போனது. முத்தத்துக்குப் பிறகு ஜோடிகளுக்கு என்ன ஆகும்? ஜோடி ஸ்கேட்டிங்கின் வரலாறு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்கள் கிடக்கின்றன. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் கற்பனை செய்யத் துணியாத பதில்கள்.

முதல் படத்தின் நாயகிக்கு கேட் என்று பெயர் வைத்ததைக் கவனியுங்கள். ஷேக்ஸ்பியரின் 'டேமிங் ஆஃப் த ஷ்ரூ' படித்தவர்களுக்குச் சட்டென்று பொறி தட்டும். அடங்காப்பிடாரியை அடக்குகிற கதை. சிவாஜியும் பானுமதியும் நடித்த 'அறிவாளி' (1963) வழியாக நம் பாட்டிகளுக்கும் தெரிந்த கதைதான். யாரோடும் ஒத்துப்போகாத பெண், அவளைப் பணிய வைக்கிற கரடுமுரடான ஆண். பனித்தளத்தில் அந்தக் கதை வேறு மாதிரி ஆபத்தானதாகிறது. ஏனென்றால் இங்கே பெண் 'பணிவது' பேச்சுக்காக அல்ல. அவள் உடம்பை அவன் கையில் கொடுக்கிறாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நமக்கு ஐஸ் என்றால் ஐஸ் கச்சாங். சன்வே பிரமிட் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு சுற்று வந்திருப்போம். அங்கே பயிற்சி எடுத்த ஜூலியன் யீ 2018இல் பியோங்சாங் ஒலிம்பிக் வரை போனார், மலேசியாவிலிருந்து குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன முதல் ஸ்கேட்டர். ஆனால் அவர் ஆடியது தனி ஆட்டம். தனியாக ஆடுகிறவர் விழுந்தால் தன் உயரத்திலிருந்துதான் விழுவார். ஜோடி ஆட்டத்தில் ஆண் தன் இணையைக் கை நீட்டித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கத்தி போன்ற இரண்டு தகடுகளின் மேல் சுழன்றபடி தளத்தைக் கடக்கிறான். அவள் தலை பனியிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல். அது போக, அவளை மேலே எறிந்து அவள் சுழன்று இறங்கும்போது பிடிப்பது உண்டு. தூரமாக வீசி, அவள் ஒற்றைக் காலில் இறங்குவது உண்டு. ஹாக்கிக்காரர்கள் தலைக்கவசம் போடுகிறார்கள். வட அமெரிக்க லீக்கில் 1979இலிருந்து புதிதாகச் சேர்கிற எல்லாருக்கும் அது கட்டாயமானது. ஜோடி ஆட்டத்துப் பெண்ணின் தலையில் இருப்பது ஹேர்பின்.

முதல் படத்தில் எல்லாருக்கும் பிடித்த நகைச்சுவை 'டோ பிக்'. ஹாக்கி காலணியின் தகடு முன்னால் மழுமழுவென்று இருக்கும். ஸ்கேட்டிங் காலணியின் தகட்டு நுனியில் ரம்பம் மாதிரி பல் இருக்கும், தாவும்போது பனியில் குத்தி எழும்ப. பழக்கமில்லாத டக் அந்தப் பல் தட்டித் தட்டிக் குப்புற விழுகிறான், கேட் சிரிக்கிறாள். ஆக, அந்தப் படத்தில் விழுந்து விழுந்து நம்மைச் சிரிக்க வைப்பது ஆண். நிஜ வரலாற்றில் விழுந்தவர்களின் கணக்கு அப்படி இல்லை. உச்சக்கட்டத்தில் வருகிற 'பம்சென்கோ' வித்தையைப் பாருங்கள். அவளைக் காலைப் பிடித்துச் சுழற்றி, அப்படியே ஆகாயத்தில் எறிந்து பிடிக்கிறான். காலைப் பிடித்துச் சுழற்றுவதே போட்டி விதிகளில் தடை செய்யப்பட்டது. படத்தில் அதைத் தாங்குவது காதல். "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் தலை உடையாது என்பது படத்தின் இயற்பியல்.

ஜோடி ஆட்டம் தொடங்கிய காலத்தில் இந்தத் தூக்கலும் எறிதலும் கிடையாது. கைகோத்து, பக்கத்தில் பக்கத்தில் சறுக்குவார்கள். 1902இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் மேட்ஜ் சையர்ஸ் என்ற ஆங்கிலப் பெண் ஆண்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பிடித்தார். விதியில் பெண்கள் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவர் புகுந்துவிட்டார். உடனே எழுதி வைத்தார்கள். 1906இல்தான் பெண்களுக்கென்று தனிப் போட்டி வந்தது. ஜோடி ஆட்டத்தில் மட்டும் பெண்ணுக்குக் கேள்வி கேட்காமல் இடம் கிடைத்தது, பக்கத்தில் கணவன் இருந்தால் இன்னும் நல்லது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மேட்ஜ் தனியாக ஆடித் தங்கமும், கணவர் எட்கரோடு ஆடி வெண்கலமும் வாங்கினார். 1920இல் தங்கம் வாங்கிய பின்லாந்தின் யாகப்சன் ஜோடியும் தம்பதிகள். 1928, 1932 இரண்டிலும் வென்ற பிரான்சின் ஆந்த்ரே – பியேர் ப்ரூனே இடையில் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஹிட்லர் ஆண்ட ஜெர்மனியில் 1936 போட்டி நடந்தபோது இந்தத் தம்பதி போக மறுத்துவிட்டார்கள். இதையெல்லாம் பார்த்து ஜோடி என்றாலே காதல் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

ஆனால் அமெரிக்கக் கணக்கை எடுத்துக்கொண்டால் கதை வேறு. ஒலிம்பிக் ஜோடி ஆட்டத்தில் அமெரிக்கா 2022 பெய்ஜிங் வரை ஒரு தங்கம்கூட வாங்கியதில்லை. கேட்டும் டக்கும் திரையில் வாங்கியதுதான் ஒரே தங்கம். உண்மையில் கிடைத்தது மூன்று வெள்ளி. அதில் இரண்டை (1952, 1984) வாங்கியவர்கள் அண்ணன் தங்கைகள். ஹாலிவுட் அதை எப்படிப் படமாக்கும், பாவம்.

1964 முதல் 2006 வரை பன்னிரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தப் பிரிவின் தங்கம் சோவியத், பிறகு ரஷ்ய ஜோடிகளுக்கே போனது. முதல் இரண்டும் பெலோசோவா – புரோட்டபோபோவ் தம்பதிக்கு. பாலே போல ஆடியவர்கள், மெதுவாக, ஒருவர் மேல் ஒருவர் கண்ணை வைத்தபடி. அவர்களைத் தோற்கடித்து வந்தவர் இரினா ரோட்னினா. 1949இல் பிறந்தவர். குள்ளமான, வேகமான, சிரிக்கும் நேரத்தை வீண் என்று நினைக்கிற மாதிரியான ஆட்டக்காரர். 1969இலிருந்து அலெக்ஸெய் உலானோவோடு வரிசையாக உலகப் பட்டங்கள்.

இந்த இடத்தில்தான் நிஜமான பொருந்தாத ஜோடியின் கதை வருகிறது. உலானோவ் காதலில் விழுந்தார், ரோட்னினா மேல் அல்ல. எதிர் ஜோடியில் ஆடிய லுட்மிலா ஸ்மிர்னோவா மேல். அதாவது 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ரோட்னினாவும் உலானோவும் தங்கம் வாங்கியபோது, வெள்ளி மேடையில் நின்றிருந்தவர் உலானோவின் காதலி! ரோட்னினா அழுதுகொண்டே தளத்தை விட்டு வெளியேறினார். சில வாரங்கள் கழித்து கல்கரியில் உலகப் போட்டி. அதற்கு முந்தைய பயிற்சியில் தூக்கியபோது உலானோவின் பிடியிலிருந்து ரோட்னினா கீழே விழுந்தார். தலையில் அடி, மூளை அதிர்ச்சி. மறுநாள் அதே ஆளின் கைக்குத் தன்னை மறுபடி கொடுத்து ஆடினார், தங்கமும் வாங்கினார். அவன் இன்னொருத்தியோடு போகப் போகிறான் என்று தெரியும், நேற்றுத் தன்னைக் கீழே போட்டவன் என்றும் தெரியும். தெரிந்தே போய் நிற்கிறாள். இதைக் காதல் நகைச்சுவையாக எடுக்க முடியுமா, சொல்லுங்கள்.

காதலர்கள் சேர்ந்து ஆடப் போய்விட்டார்கள். இருபத்திரண்டு வயதில் ரோட்னினாவுக்கு ஆட்டம் முடிந்தது என்றே பேசிக்கொண்டார்கள். பயிற்சியாளர் ஸ்தனிஸ்லாவ் ஜுக், லெனின்கிராட்டிலிருந்து அலெக்சாண்டர் ஜைட்செவ் என்ற பையனைக் கூட்டிவந்தார். பெரிய பெயர் கிடையாது, வயதிலும் சின்னவர். படத்தின் கணக்குப்படிப் பார்த்தால் அவர்தான் 'ஹாக்கிக்காரன்', ஒன்றும் தெரியாமல் வந்து சேர்கிறவன். ஆனால் இங்கே அடக்கப்பட வேண்டியவள் யாரும் இல்லை. தெரிந்தவள் அவள், கற்றுக்கொள்ள வேண்டியவன் அவன். 1973 பிராட்டிஸ்லாவா உலகப் போட்டியில் ஆட்டத்தின் நடுவில் இசை நின்றுபோனது. இருவரும் நிற்கவில்லை. காலடித் தகடுகள் பனியைக் கீறும் சத்தமும் கூட்டத்தின் கைதட்டலும் மட்டும் கேட்க, மிச்சத்தையும் ஆடி முடித்தார்கள். தங்கம் அவர்களுக்கு. அந்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் வெள்ளி யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? ஸ்மிர்னோவா – உலானோவுக்கு. காதலுக்காகச் சேர்ந்த ஜோடி, காதலில்லாமல் சேர்ந்த ஜோடிக்குப் பின்னால் நின்றது.

ரோட்னினாவும் ஜைட்செவும் 1975இல் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது உண்மைதான். 1979இல் மகன் பிறந்தான், அடுத்த ஆண்டே லேக் பிளாசிடில் மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். பிறகு இருவரும் பிரிந்தார்கள். முத்தம் நடுவில் எங்கேயோ வந்துபோன கதை இது. இன்னொரு வேடிக்கை: 2014 சோச்சி ஒலிம்பிக் தீபத்தை ரோட்னினாவோடு சேர்ந்து ஏற்றியவர் விளாதிஸ்லாவ் த்ரெத்யாக், ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்.

முத்தத்தோடு தொடங்கிய கதைகளும் உண்டு. எகதெரினா கார்டியேவாவையும் செர்கெய் கிரின்கோவையும் சிறுவயதிலேயே பயிற்சியாளர்கள் ஜோடி சேர்த்தார்கள். திரையில் கேட் தோற்றுப்போன அதே 1988 கல்கரியில், நிஜத்தில் தங்கம் வாங்கியவர்கள் இவர்கள். அவளுக்கு அப்போது பதினாறு. 1991இல் திருமணம், மறு ஆண்டு மகள், 1994இல் இரண்டாவது தங்கம். 1995 நவம்பரில் லேக் பிளாசிட் தளத்தில் பயிற்சியின் நடுவே கிரின்கோவ் சரிந்தார். மாரடைப்பு. இருபத்தெட்டு வயது. மூன்று மாதம் கழித்து கார்டியேவா தனியாகப் பனியில் இறங்கினார், அவருடைய நினைவு நிகழ்ச்சியில். ஜோடி ஆட்டக்காரி தனியாக ஆடும்போது கை எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கும். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

சண்டையில் தொடங்கிய ஜோடிகள்? எலெனா பெரெஷ்னயா, ரஷ்யப் பெண், ஓலெக் ஷ்லியாகோவோடு லாட்வியாவுக்காக ஆடினார். அந்த இருவருக்குள் ஒத்துப்போகவில்லை என்பது சக ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். 1996 ஜனவரி, ரிகாவில் பயிற்சி. பக்கத்தில் பக்கத்தில் சுழலும்போது ஷ்லியாகோவின் காலணித் தகடு அவர் மண்டையோட்டைப் பிளந்து உள்ளே போனது. மூளையில் அறுவைச் சிகிச்சை. பேச்சு போய்விட்டது. பதினெட்டு வயதில் மறுபடி பேசக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தோன் சிகாருலிட்ஜே என்ற இன்னொரு ஆட்டக்காரர் ரிகாவுக்கு வந்து அவரைப் பார்த்துக்கொண்டார், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கூட்டிப்போனார், மெல்ல மெல்லப் பனியில் நடக்க வைத்தார். இரண்டே ஆண்டில் நாகானோவில் இருவரும் வெள்ளி. 2002 சால்ட் லேக் சிட்டியில் தங்கம். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்களுக்குள் இருந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று ஊடகங்கள் ரொம்ப நாள் மண்டையைக் குடைந்துகொண்டன.

ஆனால் அந்தத் தங்கத்தை அவர்கள் பங்குபோட வேண்டியிருந்தது. எதிரே ஆடிய கனடா ஜோடி ஜேமி சாலே – டேவிட் பெல்லெட்டியே. நிஜ வாழ்க்கையிலும் அப்போது காதலர்கள், ஆடிய இசை 'லவ் ஸ்டோரி', ஒரு பிழையும் இல்லை. கூட்டம் அவர்கள் பக்கம். நடுவர்கள் ஐந்துக்கு நாலு என்று ரஷ்யர்களுக்குக் கொடுத்தபோது அரங்கமே கூவியது. பிரான்ஸ் நடுவர் நெருக்கடிக்குப் பணிந்து ஓட்டுப் போட்டார் என்ற புகார் எழுந்து, கடைசியில் கனடாவுக்கும் ஒரு தங்கம் கொடுத்தார்கள். நூறாண்டுக்கு நெருக்கமாகப் பழகிய மதிப்பெண் முறையையே தூக்கிப்போட்டார்கள். நடுவர் விவகாரம் அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மக்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஒரு காதல் கதை. மண்டை பிளந்து மீண்டு வந்தவளின் கதை அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்தக் காதல் கதைக்கும் இரண்டாம் பாகம் உண்டு. சாலேயும் பெல்லெட்டியேயும் 2005இல் திருமணம் செய்து, 2010இல் விவாகரத்து செய்தார்கள். 2009இல் கனடாத் தொலைக்காட்சியில் 'பேட்டில் ஆஃப் த பிளேட்ஸ்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. முன்னாள் ஹாக்கி வீரர்களை ஸ்கேட்டிங் வீராங்கனைகளோடு ஜோடி சேர்த்து ஆடவிடுவது, அப்பட்டமாக 'கட்டிங் எட்ஜ்' கதை. முதல் பருவத்தில் வென்றவர் ஜேமி சாலே, ஹாக்கி வீரர் கிரெய்க் சிம்ப்சனோடு. 2012இல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். இரண்டாம் பருவத்தில் வென்ற பெண் யார் தெரியுமா? கார்டியேவா. பல ஆண்டு கழித்து, 2020இல் அவர் மணந்துகொண்டது டேவிட் பெல்லெட்டியேயை. இதை ஒரு திரைக்கதையில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தால் தயாரிப்பாளர் நம்ப மாட்டார்.

'கட்டிங் எட்ஜ்' வரிசையும் நிற்கவில்லை. 2008இல் மூன்றாம் பாகம், அதில் ஆண் ஸ்கேட்டர், பெண் ஹாக்கிக்காரி. 2010இல் நாலாவது. ஆளை மாற்றிப் பார்த்தார்கள், பாலை மாற்றிப் பார்த்தார்கள், கதையை மட்டும் மாற்றவில்லை.

இரண்டாம் பாகம் வந்த அதே 2006இல் ட்யூரின் நகரில் நிஜமான ஒலிம்பிக் நடந்தது. தங்கம் வாங்கியவர்கள் தத்யானா தோத்மியானினாவும் மக்சிம் மரீனினும். அதற்கு பதினாறு மாதம் முன்னால், 2004 அக்டோபரில் பிட்ஸ்பர்க்கில் நடந்த போட்டியில், மரீனின் அவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழலும்போது கால் தடுக்கினார். தோத்மியானினா பக்கவாட்டில் தலை மோத விழுந்தார். நினைவில்லாமல் தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது.

விழுந்தது தோத்மியானினாவுக்கு ஞாபகத்தில் இல்லை. அதனால் பயமும் இல்லை என்று சொன்னார். மரீனினுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மனநல ஆலோசகரிடம் போனவர் அவர்தான். ஒரு ஜோடிக்குள் யார் யாரை நம்ப வேண்டும் என்ற கேள்வி அங்கே தலைகீழானது. அவள் அவனை நம்பினாள், அவனுக்குத்தான் தன் கைமேல் நம்பிக்கை போயிருந்தது. 2005 மார்ச்சில் மாஸ்கோவில் மறுபடி உலகப் பட்டம், அடுத்த பிப்ரவரியில் ட்யூரின். அந்த இரவு அவர்களுக்குப் பிறகு ஆடிய சீன ஜோடியில் ஜாங் டான், தொடக்கத்திலேயே ஒரு வீச்சில் கால் அகன்று விழுந்து, தடுப்பில் போய் மோதினார். சில நிமிடம் கழித்து எழுந்து வந்து மிச்ச ஆட்டத்தை முடித்தார், வெள்ளி வாங்கினார்.

தோத்மியானினாவும் மரீனினும் காதலர்கள் அல்ல. ட்யூரினில் அவர் தூக்கினார், அவள் மேலே போனாள், கீழே இறக்கிவிட்டார்.